பஸ் வராத படமும் ஒருமித்த கருத்தும்

கருத்துச் சுதந்திரம் கிரேக்க நாட்டில் பிறந்து, பிரான்ஸ் தேசத்தில் வளர்ந்து, திருப்பூர்ப் பக்கத்து முதலிபாளையத்தில் வந்து முழுமை பெற்றது என்பது என் ஆராய்ச்சி முடிவு. கிரேக்கர்கள் அவரவர் வாயில் வந்ததைப் பேசினார்கள். அதற்குப் பெயர் கூச்சல். எங்கள் 'அப்புச்சி அப்பேரல்ஸ்' நிறுவனத்தில் தொழிலாளி ஒவ்வொருவரும் சுதந்திரமாகப் பேசுவதற்கு முறையான பயிற்சி பெற்றவர். பயிற்சி கொடுப்பது நான். என் பதவிக்குக் 'கம்ப்ளையன்ஸ் மேனேஜர்' என்று பெயர்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பனியனை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் அவ்வப்போது ஓர் ஆடிட்டரை அனுப்பும். அவர் கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து, தொழிலாளியைத் தனியே அழைத்து, "பயப்படாமல் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்" என்பார். மனதில் என்ன பட வேண்டும் என்பதை முதல் நாளே நான் சொல்லி வைத்திருப்பேன். ஆகவே எங்கள் ஆட்கள் யாருக்கும் பயப்பட வேண்டிய அவசியம் ஏற்பட்டதே இல்லை.

இப்பேர்ப்பட்ட நிறுவனத்துக்குத்தான் ஒரு திரைப்படத்தால் சோதனை வந்தது.

முதலாளி அப்புசாமியின் அக்கா மகன் தரணீதரன். இன்ஜினீயரிங் முடித்து, துணிக்குச் சாயம் போடும் டையிங் யூனிட்டைப் பார்த்துக்கொள்வான் என்று குடும்பம் நம்பியிருக்க, அவன் சென்னைக்குப் போய்ப் படம் எடுத்தான். 'அந்தி நிறுத்தம்' என்று பெயர். ஹீரோ கிடையாது, பதினோரு பேரின் கதை. பதினோரு பேரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். படம் முடியும்போது நமக்கும் அவர்களைத் தெரியாது என்பது சிலர் கருத்து. 'மனித வாழ்வின் மாபெரும் நெசவு' என்பது நோட்டீசின் கருத்து. நோட்டீசை எழுதியவன் நான். அப்போது படத்தைப் பார்த்திருக்கவில்லை. ஆகவே விருப்பு வெறுப்பின்றி எழுத முடிந்தது.

பாதியில் நின்ற படத்துக்கு மாமன் கைகொடுத்தார். "காது குத்துக்குச் சீர் செஞ்சமில்லீங்க, அந்த மாதிரின்னு நெனச்சுக்கறன்" என்றார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குத் தொழிலாளர் முந்நூறு பேரும் சொந்த விருப்பத்தின் பேரில் கம்பெனி பஸ்களில் ஏற்றப்பட்டார்கள். விருப்பத்தைப் பதிவு செய்யக் கைரேகை மெஷினைத் தியேட்டர் வாசலுக்கே கொண்டுபோனோம். முந்தின நாள் சாயங்காலம் பயிற்சியும் நடந்தது. இடைவேளைக்கு முன் சிந்தனை வயப்பட வேண்டும். கடைசிக் காட்சியில் கண் கலங்க வேண்டும்.

செக்கிங் செக்‌ஷன் ஜோதிகா, விருதுநகர்ப் பக்கத்துப் பெண், எழுந்து சந்தேகம் கேட்டாள்.

"சார், கண்ணு மட்டும் கலங்குனா போதுமா, சத்தமும் வரணுமா?"

"சத்தம் வேண்டாம். பக்கத்தில் உள்ளவர் பார்க்கும் அளவுக்கு."

"மூக்க உறிஞ்சலாமா சார்?"

"ஒரு தடவை."

இவ்வளவு ஏற்பாடும் அந்தக் கடைசிக் காட்சியில் பாழாயிற்று. பதினோரு பேரும் பொழுது சாயும் நேரத்தில் ஒரு பஸ் நிறுத்தத்தில் வந்து சேர்கிறார்கள். யாரும் பேசவில்லை. இசை இல்லை. பஸ்ஸும் இல்லை. கேமரா மட்டும் ஒவ்வொரு முகமாக, அவசரமே இல்லாமல், நகர்கிறது. அரங்கில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. ஊசி விழவில்லை. ஓவர்லாக் டைலர் முனீஸின் குரல் விழுந்தது.

"யேய், ஞாயித்துக்கெழம அந்த ரூட்டுல பஸ்ஸே கெடையாதுப்பா! எல்லாரும் வீட்டுக்குப் போங்க!"

சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். பாதி அரங்கு கூடச் சிரித்தது. மீதிப் பாதி "உஷ்" என்றது. "உஷ்" என்றவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் இன்னும் சிரித்தார்கள். கலை ரசிகர் ஒருவர் எழுந்து நின்று, "அமைதியா ரசிங்கடா!" என்று அலறியதில் மிச்சமிருந்த அமைதியும் போனது.

வெளியே வந்தால் ஊரே இரண்டாகிவிட்டிருந்தது. கல்லூரிப் பையன் ஒருவன், பத்து வருடத்தில் இப்படி ஒரு படம் வரவில்லை என்றான். இன்னும் பத்து வருடத்துக்கு வராமலிருந்தால் சரி என்றான் அவன் நண்பன். காதர்பேட்டைப் பனியன் மொத்த வியாபாரி, முதலாளியின் சிநேகிதர், தொழில்முறைத் தீர்ப்பு வழங்கினார்: "பதினோரு கலரையும் ஒரே பெட்டீல போட்டு அனுப்பிருக்காப்டிங்க. நம்மூரு ஆளுக்கு ஒரே கலரு, டஜன் கணக்குல வேணுமுங்க." முதலாளியின் மனைவியும் கம்பெனியின் பங்குதாரருமான முத்தாத்தாளுக்கு வேறு கவலை. "ரெண்டே முக்கா மணி நேரமா பதினோரு பேரும் டீயவே குடிச்சுட்டிருந்தா வவுறு என்னத்துக்காகும்? ஒருத்தராச்சும் ஒரு வாய் சோறு உண்டாங்களா?"

அந்த நேரத்தில்தான் யூடியூப் சேனல் பெண் ஒருத்தி மைக்கோடு எங்கள் ஆட்களை நெருங்கினாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அட்டையைக் கண்டதும் ஜோதிகா நிமிர்ந்து நின்றாள்.

"படம் எப்படி இருக்குங்க?"

"எட்டு மணி நேரந்தான் மேடம்."

"எட்டு மணி நேரமா? படமா?"

"குடிதண்ணி இருக்கு. கக்கூஸ் ஆம்பளைக்குத் தனி, பொம்பளைக்குத் தனி. தீப்பிடிச்சா எந்த வழியா ஓடணும்னு தெரியும். யாரும் கட்டாயப்படுத்தல, நாங்களா விருப்பப்பட்டுத்தான் வந்தோம்."

"சரிங்க... படம் பிடிச்சிருக்கா?"

"பதினெட்டு வயசுக்குக் கீழ யாரும் இல்ல மேடம்."

அவள் அடுத்தவரிடம் போனாள். அதே பதில். ஒடிசாவிலிருந்து வந்த பையனிடம் போனாள். அதே பதில், இந்தியில். படத்தில் கலங்காத என் கண்கள் அங்கே கலங்கின.

ஆனால் திங்கட்கிழமை காலை முதலாளியின் முகம் கலங்கவில்லை, சிவந்திருந்தது. நெருங்கிய அதிகாரிகள் கூட்டம் கூட்டப்பட்டது. நெருங்கிய அதிகாரிகள் என்றால் நான்.

"ஏனுங்க மேனேஜரு, ஒரே தியேட்டரு, ஒரே ஷோ, ஒரே டிபன். பாதிப் பேரு சிரிச்சிருக்காங்க, பாதிப் பேரு உஷ்ஷுன்னிருக்காங்க. ஒரே லாட்டுல ஷேடு வேரியேஷன் வரலாமுங்களா?"

சாயம் போட்ட துணி ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் வெளுத்தும் வந்தால் எங்கள் ஊரில் அதற்குப் பெயர் ஷேடு வேரியேஷன். இதைவிடப் பெரிய பாவம் திருப்பூரில் கிடையாது.

"வரவே கூடாதுங்க" என்றேன்.

"எந்த பீஸுல ஆரம்பிச்சுதுன்னு புடிங்க. அதைய வெளிய எடுத்துப் போடுங்க."

விசாரணைக் கமிட்டி அமைந்தது. அதிலும் நான்தான். முனீஸ் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றான்.

"கடைசிக் காட்சியில் சிரித்தீர்களா?"

"சிரிச்சேன் சார்."

"யாரைக் கேட்டுக்கொண்டு சிரித்தீர்கள்?"

"சிரிப்பு வந்துருச்சு சார். நா என்ன செய்ய? அது கேட்டுக்கிட்டா வரும்?"

"மற்ற முந்நூறு பேருக்கும் வருமுன் உங்களுக்கு மட்டும் முதலில் வந்தது எப்படி?"

"அவுகளுக்கும் அப்பவே வந்துச்சு சார். நா விடுறவரைக்கும் வெளிய விடல." குரலைத் தாழ்த்தினான். "சார், தீவாளி பக்கத்துல வந்துருச்சு. இப்ப கேட்டுக்கு வெளிய தள்ளிட்டீகன்னா போனஸ் போயிரும். அத வச்சுத்தான் நா ஊருக்கே போகணும். எங்கக்கா மூஞ்சிய வருசத்துக்கு ஒருக்கா பாக்கறது அப்பத்தான் சார்."

"அக்காவை நினைத்துப் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்களா?" என்று கேட்டு, தற்காலிகமாக ஹெல்ப்பர் வேலைக்கு இறக்கினேன். நிரந்தர முடிவு வாரக் கடைசியில் என்றேன். நீதி தாமதமாக வந்தால்தான் மரியாதை.

அதற்குள் உலகம் புரண்டது. யாரோ இருட்டில் எடுத்த வீடியோவில் முனீஸின் குரல் மட்டும் தெளிவாக இருந்தது. புதன்கிழமை ஊரெல்லாம் அதையே பேசியது. வியாழக்கிழமை தியேட்டரில் கூட்டம். கடைசிக் காட்சி வந்ததும் மொத்த அரங்கும் சேர்ந்து, "ஞாயித்துக்கெழம பஸ் கெடையாதுப்பா!" என்று கத்திவிட்டுச் சிரித்தது. வெள்ளிக்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"இது காமெடிப் படம்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க!"

சுவரொட்டிகள் மாறின. 'மனித வாழ்வின் மாபெரும் நெசவு' இருந்த இடத்தில் 'வயிறு குலுங்கச் சிரிக்க, குடும்பத்தோடு வாருங்கள்' வந்தது. இரண்டையும் எழுதியவன் நானே என்பதால் நடையில் மாற்றம் தெரியவில்லை. தரணீதரன் வடக்கே ஏதோ திரைப்பட விழாவிலிருந்து போனில் பதறினான்.

"மாமா, அது காமெடி இல்லீங் மாமா!"

"கண்ணு, சரக்கு வாங்கற பையரு டீ-சர்ட்டுன்னு கேட்டா டீ-சர்ட்டு, நைட் டிரெஸ்ஸுன்னு கேட்டா நைட் டிரெஸ்ஸு. துணி ஒண்ணுதான். லேபிளைத்தான் மாத்தறம்."

முனீஸின் மீதான குற்றச்சாட்டு 'முன்னோக்கிய பார்வை' என்று திருத்தப்பட்டது. டைலர் வேலை திரும்பி வந்தது. கூடவே 'ரசனை ஒருங்கிணைப்பாளர்' என்ற பதவியும். ஞாயிறு காட்சியில் முன்வரிசையில் உட்கார்ந்து, பஸ் வராத இடத்தில் அதே வசனத்தைச் சொல்லிச் சிரிக்க வேண்டும். மற்றவர்கள் அவனைப் பார்த்துத் தொடர வேண்டும். திருத்திய பயிற்சியில் ஜோதிகா மறுபடி எழுந்தாள்.

"அப்ப போன வாரம் அழுதத என்ன சார் செய்ய?"

"ரீ-ஒர்க். அழுதவர்கள் இந்த வாரம் இரண்டு பங்கு சிரிக்க வேண்டும்."

"சிரிப்பும் அழுகையும் மாத்தி மாத்தி வருது. எதுக்கும் எந்த வாரம் எதுன்னு ஒரு கட்டம் போட்டு போர்டுல எழுதிருங்க சார்."

முனீஸ் மட்டும் கேட்டான்: "சார், நல்லாச் சிரிச்சுட்டா போனஸ் உறுதிதான?"

"சிரிப்பைப் பொறுத்தது" என்றேன்.

இரண்டாவது ஞாயிறு. கோயமுத்தூரிலிருந்து விநியோகஸ்தர் ஒருவர் வந்து முதலாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். படம் நன்றாகச் சிரிக்க வைத்தால் மாவட்டம் முழுக்க எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. திரையில் பொழுது சாய்ந்தது. பதினோரு பேரும் நிறுத்தத்துக்கு வந்தார்கள். கேமரா நகர ஆரம்பித்தது.

முனீஸ் வாயைத் திறக்கவில்லை.

நான் இருமினேன். முதலாளி என்னைவிடக் கனமாக இருமினார். திரையில் ஒவ்வொரு முகமாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று முன்வரிசையில் ஒரு சத்தம் கேட்டது. சிரிப்புதான் என்று நிம்மதி அடைந்தேன். அடுத்த நொடி புரிந்தது, அது தேம்பல். முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்க, ரசனை ஒருங்கிணைப்பாளர் அழுதுகொண்டிருந்தார்.

எங்கள் பயிற்சியின் மேன்மையை அப்போது பார்க்க வேண்டுமே! ஒருங்கிணைப்பாளரைத் தொடர வேண்டும் என்பது உத்தரவு. முந்நூறு பேரும் ஒரே மூச்சில் அழத் தொடங்கினார்கள். ஜோதிகா ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள். காசு கொடுத்துச் சிரிக்க வந்திருந்த பொதுமக்கள் கொதித்துப்போனார்கள். "காமெடிப் படத்துல எதுக்குய்யா ஒப்பாரி?" என்று பின்வரிசை கேட்டது. "மனுசனா நீ?" என்று நடுவரிசை திருப்பிக் கேட்டது. விநியோகஸ்தர் எழுந்தார்.

"உங்க ஆளுகளே இத்தன அழுவறாங்க. இதையக் காமெடின்னு நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு விக்கறதுங்க?"

மறுநாள் அதே அறை, அதே கமிட்டி, அதே முனீஸ்.

"ஏன் அழுதீர்கள்?"

"தெரியல சார். அந்தக் கடேசீல ஒரு பொம்பள, துணிப்பைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கால்ல..."

"எந்தப் பெண்?"

"நீங்க பாக்கலையா? பஸ் வார திக்கையே எல்லாரும் பாத்துக்கிட்டிருப்பாக. அவ மட்டும் எதுத்தாப்புல நிக்கிற சின்னப் பயலைப் பாத்துக்கிட்டிருப்பா. பஸ் வந்தா அவன் போயிருவான்னு அவளுக்குத் தெரியும். நா இங்கன வேலைக்கு வாரப்ப எங்கக்கா அப்படித்தான் சார் உக்காந்திருந்தா. பஸ் வராம இருந்தாத் தேவலைன்னு."

"போன வாரமும் அவள் அங்கேதானே இருந்தாள்?"

"போன வாரம் நா பஸ்ஸப் பாத்துக்கிட்டிருந்தேன் சார்."

முதலாளி கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இந்தாள வெச்சுட்டு எந்தப் படமும் ஒரே ஷேடுல நிக்காதுங்க. ஒரு வாரம் ஒரு கலரு, மறு வாரம் மறு கலரு. கணக்க முடிச்சு அனுப்பிருங்க" என்றார்.

முனீஸ் துண்டை உதறித் தோளில் போட்டான். குறுக்கே வந்தது முத்தாத்தாள்தான்.

"போனஸக் குடுத்துட்டு அனுப்புங்க."

"தீவாளிக்கு முன்னால வேலையை விட்டு நிக்கறவனுக்குக் கெடையாதுன்னு ரூலு இருக்குது, முத்தா."

"அந்த ரூலப் போட்டதுல நானும் ஒரு பார்ட்னரு. அக்காளை நெனச்சு அழுதவன வெறுங்கையோட அனுப்புனா நாளைக்கு உங்க அக்கா வாசலுக்கு எந்த மூஞ்சியோட போவீங்க?"

அக்காவின் பெயரைச் சொன்னதும் முதலாளி அடங்கிவிட்டார். அந்த அக்காவின் மகன்தான் படத்தின் இயக்குநர். முனீஸ் போனஸை வாங்கிக்கொண்டு கேட்டைத் தாண்டினான். எதிர் கம்பெனியில் 'டைலர்கள் தேவை' என்ற போர்டு எப்போதும் தொங்கும். அன்று மாலையே அங்கே ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்துவிட்டான் என்றும், தீபாவளிக்கு அக்கா ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டான் என்றும் கேள்வி. எங்கள் நிறுவனத்தில் கருத்து மீண்டும் ஒரே நிறத்துக்கு வந்தது: படத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இரண்டு நாள் கழித்துத் தரணீதரன் வந்தான். தாடி வளர்ந்திருந்தது.

"மாமா, பாதிப் பேரு சிரிச்சாங்களாமா, பாதிப் பேரு அழுதாங்களாமா. அதைய உடுங்க. கடைசீல பையோட ஒரு அம்மா உக்காந்திருக்குமே, அதைய நம்மூருல ஒருத்தராச்சும் கண்டாங்களா? அதுக்குத்தானுங் மாமா இந்தப் படத்தையே எடுத்தேன்."

முதலாளி மேஜையைப் பார்த்தார். "மேனேஜரைக் கேளு கண்ணு" என்றார்.

நான் முனீஸின் பணிநீக்க உத்தரவின் நகலை எடுத்து நீட்டினேன். சட்டச் சிக்கல் எதுவும் வராதபடி, காரணத்தை இரண்டே சொற்களில் எழுதியிருந்தேன்: 'படம் பார்த்தார்.'

அந்தக் குற்றத்தை எங்கள் நிறுவனத்தில் வேறு எவர் மீதும், முதலாளி மீதோ என் மீதோகூட, யாராலும் நிரூபிக்க முடியாது.