பழைய போர்ட் விட்ட மூச்சு

பொங்கலுக்கு முன் உலகத்துக்கு ஒரு முடிவு சொல்லியே தீருவேன் என்று சபதம் எடுத்தேன்.

என்னிடம் கையில் வைத்து விளையாடும் கேம் இரண்டு உண்டு. வெளியே பார்த்தால் ஒரே அச்சு. உள்ளே இருக்கும் சர்க்கிட் போர்ட்டை மட்டும் கொம்பனிக்காரன் பிறகு மாற்றிவிட்டான். சத்தம் எதில் திறம், பழைய போர்ட்டிலா, புதிய போர்ட்டிலா? இன்டர்நெட்டில் இதற்காக ஆட்கள் அடிபடுகிறார்கள். என் மனைவி லோஜினிக்கு மட்டும் இதன் பெறுமதி விளங்கவில்லை.

“இஞ்சருங்கோ, அந்தச் சின்ன அறையை எப்ப விடுவியள்? குசினிக்க மெசினை வைச்சுத் தைக்கிறன். தைக்கக் குடுத்த சனம் சொல்லுது, பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் கருவாடு மணக்குதாம்.”

“சோதனை முடியட்டும்.”

“எப்ப முடியும்?”

“விஞ்ஞானத்தை அவசரப்படுத்த ஏலாது.”

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். முடிக்கிற எண்ணமே எனக்கு இல்லை. அந்த வீட்டில் என் சொல் எடுபடுகிற ஒரே இடம் அந்த அறைதான். அங்கே வேறு ஆளில்லை.

என் முறை மிகவும் கண்டிப்பானது. துறைமுகக் கந்தோரில் வேலை முடிந்து புறப்பட்டு, எங்கள் ஊருக்குள் மாடுபோலத் திரிந்து ரோட்டை மறிக்கும் மான்களை விலத்தி, ஐந்து மணிக்கு அறைக்குள் போவேன். கப்பல் ஊதுவது கேட்காமலிருக்கக் கதவையும் யன்னற் பலகையையும் சாத்துவேன். நான் இருக்கிற கதிரை யன்னலோடு ஒட்டினாற்போல. முதல் அரைமணி புதிய போர்ட், அடுத்த அரைமணி பழைய போர்ட். ஒழுங்கு ஒருநாளும் மாறாது. இதைக் கொப்பியில் எழுதி லோஜினிக்கு வாசித்தும் காட்டினேன். கலியாணம் கட்டி ஒன்பது வருசத்தில் அன்றுதான் நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டாள்.

அடுத்த நாள் தொடங்கித் தினமும் தேத்தண்ணியோடு நாலு கதலிப்பழம் வந்தது. எனக்கு மனம் உருகிவிட்டது. உரித்து உரித்துத் தின்றேன். தோலை அவளே வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் அது தொடங்கியது.

மாரிகாலம். ஐந்தரைக்கே வானம் கறுத்து, அறை மங்கிவிட்டது. பழைய போர்ட்டைக் காதோடு வைத்தேன். கேம் பாட்டின் இடைவெளியில் ஒரு மூச்சு. நீளமான, ஈரமான மூச்சு. சத்தத்தை முழுக்கக் குறைத்தேன். பாட்டு நின்றது. மூச்சு நிற்கவில்லை. அதற்குப் பிறகு, எதையோ ஆறுதலாக, அவசரமில்லாமல் மெல்லுகிற சத்தம்.

மறுநாளும் அப்படித்தான். புதியதில் ஒரு குறையுமில்லை. பழையதைக் கையில் எடுத்ததும் மூச்சு வந்தது. இந்தமுறை அதை நிப்பாட்டியே விட்டேன். திரை இருண்டது. இருண்ட பிறகும் என் காதருகே இரண்டு தரம் மூச்சு கேட்டது. யன்னற் பலகையில் ஏதோ மெல்ல உரசிப் போனது. கதவைத் திறந்துகொண்டு குசினிக்கு ஓடினேன்.

“லோஜினி! இதுக்குள்ள ஆரோ மூச்சு விடுற சத்தம் கேக்குது!”

“புதுசிலயும் கேக்குதோ?”

“இல்லை, பழசில மட்டும்.”

“பழசை ஆரிட்ட வாங்கினனீங்கள்?”

“கப்பலில வந்த சமையல்காரன் ஒருத்தனிட்ட.”

“அவனுக்கு ஆர் குடுத்தது?”

“கூட வேலை செய்தவன். அவன் பிறகு கடலில...”

லோஜினி உள்ளே போய்த் திருநீற்றை எடுத்துவந்து என் நெற்றியில் அப்பினாள்.

“பயப்பிடாதேங்கோ. சோதனையை விடக்கூடாது. ஐஞ்சரைக்கு நான் யன்னலுக்கு வெளியில நிக்கிறன், உங்களுக்குத் துணையா.”

சொன்னபடியே ஒவ்வொரு நாளும் நின்றாள். அவளுடைய செருப்புச் சத்தம் கேட்கும். பிறகு மூச்சு கேட்கும். ஒருநாள் இரண்டு மூச்சு கேட்டது. ஒன்று என் காதுக்கு நேரே, மற்றது சற்றுத் தள்ளி. இரண்டும் மென்றன.

“லோஜினி, அங்க ஆரும் நிக்கினமோ?”

“ஒரு மனுசரும் இல்லையப்பா!”

இரண்டு கிழமை, பதினாலு நாள்தான் தாங்கினேன். கொப்பியை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

“சோதனை முடிஞ்சுது.”

“எது திறம்?”

“புதுசு. அறையை நீரே எடும்.”

பத்து நிமிசத்தில் மெசின் உள்ளே போய்விட்டது. பழைய கேமை மெசினின் லாச்சிக்குள் ஊசி நூலோடு போட்டுவிட்டாள். “உமக்குப் பயமில்லையோ?” என்று கேட்டேன். “எனக்குத் தைக்கிற வேலை கிடக்கு” என்றாள். இப்படியும் ஒரு நெஞ்சுரமா என்று நான் பெருமைப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் குசினி வாசலில் இருந்தேன். மடியில் புதிய போர்ட், சட்டையில் கருவாட்டு மணம். நேரம் ஐந்தரை. வேலி இடைவெளியால் ஒரு கொம்பன் மான் வளவுக்குள் வந்தது. பின்னால் இன்னொன்று. நேரே அந்த யன்னலடிக்குப் போய், பலகையில் கொம்பை உரசி, நீளமாக ஒரு மூச்சு விட்டது.

யன்னல் திறந்தது. லோஜினி வெறுங்கையை விரித்துக் காட்டினாள்.

“தோல் இல்லை, போ. உன்ர வேலை முடிஞ்சுது எண்டு நேற்றே சொன்னனான் எல்லோ?”

மான் அசையவில்லை. அவள் நிமிர்ந்தபோது என்னைக் கண்டாள். முகத்தில் ஒரு சின்ன மாற்றங்கூட இல்லை.

“என்ன பாக்கிறியள்? ரெண்டு கிழமை திண்ட பழக்கம். ஒரு நாளில விடுமே?”

அந்த இரண்டு கிழமையும் பழத்தை உரித்து உரித்துத் தோலை அவள் கையில் கொடுத்தது நான்தான்.