வராதோர் நேரில் வர வேண்டிய படிவம்

நாடாளுமன்றத் தேர்தலன்று காலை ஏழு மணிக்கு ஜனநாயகம் கதவைத் திறந்து வைத்துவிட்டது. உள்ளே வரத்தான் ஆளில்லை.

வாக்குச்சாவடித் தலைவர் அதே ஊர்ப் பள்ளிக்கூட ஓவிய ஆசிரியர். மதியம் வரை ஆயிரத்து நூற்று ஆறு பேரில் நாற்பத்து மூன்று பேர் ஓட்டுப் போட்டிருந்தார்கள். கட்சி ஏஜெண்டுகள் மூன்று பேரும் ஒற்றுமையாகக் குறட்டை விட்டார்கள். ஆசிரியர் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி வேலை பார்க்கும் ஊருக்கு மாறுதல் கேட்டு ஆறு வருடமாக மனுப் போடுகிறார். போன மாதம் வீட்டுக்குப் போனபோது மகள் அவரை "மாமா" என்று கூப்பிட்டுவிட்டாள். அன்று பஸ்ஸில் திரும்பும்போது அவர் அழுதார்.

இந்த முறை மாறுதல் நிச்சயம் என்றிருந்த நேரத்தில்தான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. மதியத்துக்குள் பாதிப் பேர்கூட ஓட்டுப் போடாத சாவடியில், வராத வாக்காளர் ஒவ்வொருவரும் மாலை ஆறு மணிக்குள் சாவடிக்கு நேரில் வந்து, தாம் வராததற்கான காரணத்தைப் படிவத்தில் எழுதிக் கையொப்பமிட்டு ஒப்புகைச் சீட்டுப் பெற வேண்டும்; ஒருவர் விடுபட்டாலும் சாவடித் தலைவரின் மாறுதல் ரத்து.

தேர்தல் அதிகாரிக்கு போன் போட்டார்.

"வராதவங்க எப்படி சார் வருவாங்க?"

"படிவம்னு சொல்லுங்க. சீல் வெச்ச சீட்டு தர்றோம்னு சொல்லுங்க."

ஊருக்குள் ஆள் விட்டுச் சொல்லிப் பார்த்தார். அரை மணி நேரத்தில் வரிசை தெரு முனையைத் தாண்டியது. அந்தச் சீட்டு எதற்கு என்று யாருக்கும் தெரியாது. நாளைக்கு எவனாவது கேட்டால் என்ன செய்வது என்று கைக்குழந்தையோடு ஓடி வந்தார்கள். ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து கையில் ஊசியோடு வந்து, "படுத்த படுக்கை, நகர முடியாது" என்று நின்றுகொண்டே எழுதினார்.

ஆசிரியருக்கு மனசு கேட்கவில்லை. முன்னால் நின்ற தையற்காரம்மாவிடம் கெஞ்சினார்.

"வந்ததுதான் வந்துட்டீங்க. அந்தப் பக்கம் ஆளே இல்லம்மா. ஒரு நிமிஷம், ஓட்டையும் போட்டுட்டுப் போயிடுங்களேன்."

"அதெப்படி சார்? வரலைன்னு கையெழுத்துப் போட்டுட்டு ஓட்டும் போட்டா பொய்க் கையெழுத்து ஆயிடாதா? எங்க குடும்பத்துல அந்தப் பழக்கமே கிடையாது."

"அப்ப கையெழுத்துப் போடாம ஓட்டை மட்டும் போடுங்க."

"ஓட்டுக்குச் சீட்டு தருவீங்களா?"

"மை வைப்போம்மா."

"மை நாலு வாரத்துல அழிஞ்சிடும் சார். நீங்க சீலைப் பளிச்சுனு குத்துங்க."

குத்தினார். ஆறு மணி வரை நிமிராமல் குத்தினார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கதவைச் சாத்தியதும் உதவிக்கு வந்திருந்த தபால் நிலைய அம்மா கட்டுகளை எண்ணினார்.

"ஓட்டு நாற்பத்து மூணு. படிவம் ஆயிரத்து அறுபத்து ரெண்டு. ஒண்ணு இடிக்குது சார்."

"எந்தக் கடன்காரன் அது? என் வாழ்க்கையில விளையாடறானே! பேரைப் பாருங்க!"

அந்தம்மா பட்டியலைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். பட்டியலை அவர் பக்கம் திருப்பினார். சின்னப் படத்தில் மீசையோடு இருந்தது ஆசிரியரேதான்.

ஓட்டும் போடவில்லை, படிவமும் தரவில்லை. மணி ஆறு பத்து. அதிகாரிக்கு போன் போட்டார்.

"ஆயிரம் பேரைக் கொண்டு வந்திருக்கீங்க, பிரமாதம்! ஆனா ஒருத்தர் விடுபட்டாச்சே. விதின்னா விதிதான். அடுத்த தேர்தல்ல பார்ப்போம்."

"சார், நாள் முழுக்க இவங்களை வர வைக்கிற வேலையிலதான் இருந்தேன்..."

"அதைத்தான் படிவத்துல எழுதியிருக்கணும்."

ஆசிரியருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீங்க ஓட்டுப் போட்டீங்களா சார்?"

"என்னய்யா இப்படிக் கேட்டுட்டீங்க?" அதிகாரியின் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "எங்க சாவடியில முதல் படிவமே என்னோடதுதான்!"