அத்திமரத்தடியில் விழுந்த ஓட்டு

ஹெர்மியோனியில் வசிக்கும் மதிப்பிற்குரிய மைத்துனர் தெலெஸ்தாஸ் அவர்களுக்கு, திரோசேன் ஊரிலிருந்து லாம்போன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. பொசைடன் அருளால் நானும் உங்கள் தங்கை அரிஸ்தோவும் ஆடுகளும் சுகம். அத்திமரம் மட்டும் சுகமில்லை. வருடந்தோறும் உங்களுக்கு நான்கு கூடை உலர்ந்த அத்தி வருமே, இந்த வருடம் ஒரே கூடைதான். அதையும் வைக்கோலுக்கு அடியில் ஒளித்துக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் வரும் படகிலேயே அதுவும் வரும்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பாரசீக ராஜா படையோடு வருகிறான் என்று ஏதென்ஸ்காரர்கள் ஊரையே காலி செய்து, ஆண்கள் துடுப்புப் பிடிக்கக் கப்பலேறிவிட, பெண்டு பிள்ளைகள் எங்கள் கரையில் வந்து இறங்கியது உங்களுக்குத் தெரியும். அவர்களை எப்படிக் கவனிப்பது என்று ஊர்ச்சபை கூடியது. சாப்பாட்டுக்குப் படி, பிள்ளைகளுக்கு வாத்தியார் என்று இரண்டு தீர்மானம் நிறைவேறி, எல்லாரும் எழுந்திருக்கும் நேரம். நான் சும்மா இருந்திருக்கலாம். முன்வரிசையில் உட்கார்ந்தது தப்பாகப் போயிற்று. எழுந்து நின்று, "பசிச்ச புள்ள ஒரு பழத்துக்கு யார்கிட்டயாவது கேட்டுக்கிட்டா நிக்கணும்? எந்த மரமா இருந்தா என்ன, பறிச்சுக்கட்டும்" என்றேன். கைதட்டல் ஓயவே இல்லை மச்சான், எனக்கே கண் கலங்கிவிட்டது. நான் வீடு திரும்புவதற்குள் அது சட்டமாகிவிட்டது. "வாய் உங்களுது, மரம் நம்மளுது" என்றாள் உங்கள் தங்கை. அன்றைக்கு அவ்வளவுதான் பேசினாள்.

எங்கள் வீட்டுக்கு ஒதுக்கியது ஃபானோ என்ற பெண்ணையும் அவள் மகள் மிர்ரினியையும். ஃபானோவின் கணவன் கப்பலில் இருக்கிறான். அவள் சாது, நாள் முழுக்கக் கடலைப் பார்த்தபடி கம்பளி நூற்பாள். மகளுக்கு எட்டு வயது. வந்த அன்றே மரத்தின் மேல் இருந்தாள். "ஏய், இறங்கு" என்றேன். "சட்டம் இருக்கு மாமா. யாரோ ஒரு நல்லவர் கொண்டு வந்தாராம்" என்றாள். மறுநாள் தெருவிலிருந்த ஏதென்ஸ் பிள்ளைகள் பத்துப் பேரைக் கூட்டி வந்தாள். பறித்துத் தின்றுவிட்டுப் போனாலும் பொறுத்துக்கொள்வேன். இன்று எந்தக் கிளையில் பறிப்பது என்று மரத்தடியில் சபை கூட்டி, ஆளுக்கு ஆள் எழுந்து பேசி, கை தூக்கி முடிவெடுக்கிறார்கள். மரத்துக்காரன் என்று எனக்கும் ஓர் ஓட்டு. பதினொன்றுக்கு ஒன்று, தினமும் தோற்கிறேன்.

நேற்று நான் குச்சியை எடுத்துக்கொண்டு போய்க் கத்தினேன், ஒத்துக்கொள்கிறேன். உடனே எல்லாரும் உடைந்த பானை ஓடுகளைப் பொறுக்கி ஏதோ கீறிக் குவித்தார்கள். மிர்ரினி எண்ணிவிட்டு வந்தாள். "எங்க ஊர்ல ஆகாத பெரிய மனுஷன் பேரை இப்படி ஓட்டுல எழுதிப் போடுவாங்க மாமா. நிறைய விழுந்தா பத்து வருஷம் ஊருக்குள்ள வரக்கூடாது. உங்களுக்கு வயசாயிடுச்சு, அதனால பத்து நாள் தோட்டத்துக்கு வராதீங்க, போதும்." பிள்ளைகள் பதினொன்று, ஓடுகள் பன்னிரண்டு. பன்னிரண்டாவது ஓடு, போன மாதம் உடைந்த எங்கள் எண்ணெய்ச் சாடியின் கழுத்து. அது சமையல்கட்டு மாடத்தில் இருந்தது. விசாரித்தேன். "எனக்குத்தான் எழுதவே தெரியாதே" என்று சொல்லிவிட்டு மாவு பிசையப் போய்விட்டாள் உங்கள் தங்கை.

ஆகவே, சொந்த மரத்தைச் சன்னல் வழியாகப் பார்த்தபடி இதை எழுதுகிறேன். ஏன் அடங்கிப் போனாய் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியவில்லை. உங்கள் ஊரில் இவர்களுக்கு ஒரு வீடு பாருங்கள். மாற்றி அனுப்பும்படி நானே சபையில் கேட்கிறேன். இந்த முறை சுருக்கமாகப் பேசுவேன்.

உங்கள் வலைகள் கிழியாமலும் பிள்ளைகள் மூவரும் நோயில்லாமலும் இருக்கப் பொசைடன் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
தோட்டத்துக்கு வெளியே இருக்கும்
லாம்போன்

பி.கு.: காற்று சரியில்லை என்று படகுக்காரன் ஐந்து நாள் இழுத்துவிட்டான். அதற்குள் சலாமிஸ் ஜலசந்தியில் பாரசீகக் கப்பல்களை நம்மவர்கள் நொறுக்கிவிட்டதாகச் சேதி வந்து, நேற்று ஃபானோவின் கணவனும் வந்து சேர்ந்தான். தோளில் ஒரு கட்டு, மற்றபடி முழுசாக இருக்கிறான். அவர்கள் வீடு எரிந்துவிட்டதாம், பாரசீகர்கள் மரங்களையும் வெட்டிப் போட்டுவிட்டார்களாம். "குளிர்காலம் முடிஞ்சு போகலாமே" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை, இன்று காலை கிளம்பிவிட்டார்கள். கிளம்புமுன் மிர்ரினி சபை கூட்டி என் தண்டனையை ரத்து செய்தாள்.

உங்கள் கூடை வராது, மன்னியுங்கள். அவளிடம் கொடுத்துவிட்டேன். "வைக்கோலுக்குள்ள இருந்ததுதானே மாமா? முதல் வாரமே பார்த்துட்டோம். உங்களுக்குன்னு கொஞ்சமாவது இருக்கட்டும்னு ஓட்டெடுத்து விட்டுட்டோம்" என்றாள்.

தோட்டம் அமைதியாக இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. வீடு பார்க்க வேண்டாம். மேல்கிளையில் இன்னும் பழம் கிடக்கிறது, உங்கள் பிள்ளைகள் மூவரையும் உடனே அனுப்புங்கள். எந்த ஊர்ப் பிள்ளை என்று சட்டத்தில் இல்லை, போய்ப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.