நல்லது சொன்னால்தான் சாப்பாடு

"இன்னிக்கு நடந்த நல்ல விஷயம் ஒண்ணு சொல்லுங்க. அப்புறம்தான் சாப்பாடு," என்று கரண்டியை உயர்த்திப் பிடித்தாள் மனைவி.

கடுகு வெறும் தட்டைப் பார்த்தார். ஓட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்க்கும் சலவை ஆலையில், நீராவி இஸ்திரி மெஷின் முன்னால் நாள் முழுக்க வெந்துவிட்டு வந்தவர் அவர். எதற்கெடுத்தாலும் படபடவென்று வெடிப்பதால் ஆலையில் வைத்த பெயர் கடுகு.

"பசிக்குதுடி! இது என்ன புது அநியாயம்?"

"போன்ல வர்ற வீடியோவுல ஒரு அம்மா தினமும் பேசறாங்க. நல்லதை வாய்விட்டுச் சொன்னா மனசு சந்தோஷமா இருக்குமாம். எந்த வீட்டுல பாத்தாலும் இப்ப இதுதான்."

"எனக்குச் சந்தோஷமே வேண்டாம். சோத்தைப் போடு."

"ரூல்னா ரூல்ப்பா," என்றாள் மகள். கணக்கு டீச்சர் லீவு என்ற நல்லதைச் சொல்லி, அவள் அப்போதே தட்டை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

கடுகு யோசித்தார். தலையணை உறை ஒன்று கருகியதற்காகக் காலையில் மேனேஜர் எல்லார் முன்னாலும் கிழிகிழியென்று கிழித்தார். மதியம் அதே உறையைத் தேடி எடுத்துவந்து மறுபடியும் கிழித்தார். இதில் நல்லதுக்கு எங்கே போவது? சந்தோஷமாக இரு என்று ஒரு மனிதனைப் பட்டினி போட்டு மிரட்டுவது எந்த ஊர் நியாயம்?

"மேனேஜர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். போதுமா?" என்றார் எரிச்சலோடு.

சாப்பாடு விழுந்தது. வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடவே விழுந்தது.

மறுநாள் மேனேஜர் தோளில் தட்டிக்கொடுத்தார். அதற்கு மறுநாள் டீ வாங்கிக் கொடுத்தார். அதற்கும் மறுநாள் கரண்டி பாதியில் நின்றது.

"நேத்தும் டீதானே? வேற ஏதாவது சொல்லுங்க."

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும். கடுகுக்குப் புத்தி முதலில் பறந்தது. "பேக்கிங் செக்‌ஷனுக்கு என்னை சூப்பர்வைசர் ஆக்கிட்டார்," என்று சொல்லித் தொலைத்தார்.

அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. அங்கே வெக்கை கிடையாது, உட்கார நாற்காலி உண்டு. மூட்டு வலி தாங்காமல் அதைக் கேட்கப் போனவர், "உன் மூஞ்சிக்கு நாற்காலி ஒரு கேடா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டுதான் திரும்பினார்.

மனைவி சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே அக்காவுக்குப் போன் போட்டாள். அக்காவிடம் சொன்னால் தண்டோராவே தேவையில்லை.

"உங்க மேனேஜரை ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடுங்க," என்றாள்.

"அவர் வெளியில சாப்பிட மாட்டார்."

"என் சமையல் வெளிச்சாப்பாடா? ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க."

"வர முடியாது. அவருக்கு உடம்பு சரியில்லை. படுத்த படுக்கையா கிடக்கார்."

தப்பித்தோம் என்று கடுகு மூச்சுவிட்டார். பாவம், அவசரப்பட்டுவிட்டார்.

"ஐயையோ! அப்ப நாமதான் போய்ப் பாக்கணும். நன்றி கெட்டவங்கன்னு நினைக்க மாட்டாரா?"

ஞாயிற்றுக்கிழமை பழப் பையோடு இருவரும் கிளம்பினார்கள். கடுகு மனசுக்குள் பொரிந்தார். சந்தோஷமாம் சந்தோஷம்! இத்தனை நாள் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாமல் சிடுசிடுவென்று நிம்மதியாக இருந்தவர். இப்போது பொய்யன் என்ற பட்டம் வரப்போகிறது, இருக்கிற வேலையும் போகப்போகிறது. போன் அம்மாவா வந்து சோறு போடுவாள்?

மேனேஜர் வீட்டுத் தெருமுனையில் நின்றார். "இந்தா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நல்ல விஷயமா?"

"இல்லை."

"அப்ப சொல்லாதீங்க."

கதவைத் திறந்தவர் மேனேஜரேதான். அரை டிராயரில் குத்துக்கல் மாதிரி நின்றார்.

"நீயா? இங்க எதுக்குய்யா வந்தே?" என்று ஆலைக் குரலில் ஆரம்பித்தவர், பின்னால் தன் மனைவி வருவதைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"உடம்பு தேவலையா சார்?" என்று கடுகின் மனைவி பையை நீட்டினாள். "எங்க வீட்டுக்காரரை சூப்பர்வைசர் ஆக்கினீங்களே, நீங்க நூறு வயசு நல்லா இருக்கணும்."

கடுகு கண்ணை இறுக மூடிக்கொண்டு இடிக்காகக் காத்திருந்தார். இடி விழவில்லை. மெல்ல ஒரு கண்ணைத் திறந்தார். மேனேஜருக்குத்தான் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

மேனேஜரின் மனைவி முகம் மலர முன்னால் வந்தாள்.

"அட, இஸ்திரிக்காரர் நீங்கதானா! எங்க வீட்டுலயும் அன்னன்னைக்குச் செஞ்ச நல்லதைச் சொன்னாத்தான் சாப்பாடு, இவர் தினமும் உங்களுக்குச் செஞ்சதைச் சொல்லித்தான் சாப்பிடறார்; ஆமா, போன வாரம் உங்களுக்குக் குடுத்த ஏசி ரூம் வசதியா இருக்கா?"