ரிலீவர் வராமல் எழுந்திருக்காதவர்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை எத்தனை தொழிற்சாலைகள் உண்டோ அத்தனையிலும் சேர்த்து, சுவரில் ஒட்டிய விதியை நம்பிய ஒரே மனிதர் எங்கள் ரிலீவர்தான்.

அந்த விதியை எழுதியவன் நான். நடைமுறைகள் எழுதித் தள்ளியே ஓய்வு பெற்றவன். ‘அடுத்த ஷிப்டு ஆள் வந்து பொறுப்பேற்கும் வரை இயந்திரத்தை விட்டு நகரக் கூடாது’ என்று எழுதினேன். தணிக்கைக்கு வருகிறவர்கள் பார்த்துத் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். மற்றவர்கள் சங்கு ஊதுமுன்பே கைகழுவி, கம்பெனி பஸ்ஸில் இடம் பிடிப்பார்கள். இவர் மட்டும் லேத்து முன்னால் நிற்பார். ஒருமுறை இவரை மாற்றிவிட வேண்டிய ரிலீவர் பர்கூரில் மச்சினன் கல்யாணத்தில் சாம்பார் வாளியோடு அலைந்துகொண்டிருந்தான். இவர் அடுத்த ஷிப்டும் சேர்த்து நின்றார். மேலாளரே இறங்கி வந்தார்.

“வீட்டுக்குப் போய்யா. நான் சொல்றேன்ல.”

“நீங்க ரிலீவரா சார்? லேத்து ஓட்டுவீங்களா?”

மேலாளர் திரும்பிப் போனார். அன்றிலிருந்து இவருக்கே ‘ரிலீவர்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

வியாதி ஆலைக்குள் அடங்கவில்லை. தளி பஸ்ஸில் தன் சீட்டுக்கு ஆள் கிடைக்காமல் இறங்க மாட்டார். நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நடந்து திரும்புவார். சலூனில் முடி வெட்டி முடித்த பிறகும், அடுத்த தலை வரும்வரை போர்த்திய துணியோடு உட்கார்ந்திருப்பார்.

ஓய்வுக்குப் பிறகு வீட்டில் ஒரு கணினி வாங்கினார். அவருக்கு லினக்ஸ் வேண்டும், இலவசம் என்பதால். மனைவி சரோஜாவுக்கு விண்டோஸ் வேண்டும், சீட்டாட்டம் அதில் இருந்ததால். சரோஜா தளிப் பக்கத்துக் கன்னடக்காரர். வாயில் பயம் கிடையாது.

“ஓசின்னா அந்தக் கருப்புத் திரையக்கூடக் கட்டிக்குவாரு சார் இவுரு.”

இரண்டையும் அந்த ஒரே கணினியில் நானே நிறுவிக் கொடுத்தேன். கணினியைப் போட்டதும் ஒரு பட்டியல் வரும். மேல்வரி சரோஜா, கீழ்வரி அவர். பெயர்களை அப்படித்தான் போடச் சொன்னார். ஒன்றும் செய்யாமல் காத்திருந்தால் சரோஜாவின் பக்கம் தானாகத் திறக்கும். அவர் பக்கம் போக, கீழ் அம்பை அழுத்த வேண்டும். ஏன் என்று கேட்டேன்.

“அவ சீனியருங்க சார்.”

இங்கேயும் அதே விதி. ஒருவர் வராமல் மற்றவர் நாற்காலியை விட்டு எழக் கூடாது. “ரீ, ஆட்டம் முடிஞ்சுது, வந்து உக்காருங்க” என்று சரோஜா, ‘என்னங்க’வுக்குக் கன்னட ‘ரீ’ போட்டுக் குரல் கொடுத்தால், பாதிச் சவரத்தில் சோப்பு நுரையோடு ஓடி வருவார்.

சரோஜா காலமாகி ஒரு வருடம் ஆகியிருக்கும். ஒருநாள் காலையில் போன்.

“சார், அவ பேரக் காணோங்க.”

“யார் பேர?”

“சரோஜா பேருதாங்க. மெஷினப் போட்டா நேரா எம்பக்கம் போயிருது. லிஸ்டே வர்ல.”

போனேன். கணினி முன் நாற்காலியிலேயே இருந்தார். பக்கத்து வீட்டார் கொடுத்த இட்லி காய்ந்துகிடந்தது.

“கடைசியா என்ன பண்ணீங்க?”

“லினக்ஸ அப்கிரேடு பண்ணேன்.”

காரணம் புரிந்தது. புதிய பதிப்பு, கணினியில் தன்னைத் தவிர வேறு இயங்குதளம் இருக்கிறதா என்று தானாகத் தேடுவதில்லை. தான் மட்டும்தான் என்று முடிவுகட்டிவிட்டால் பட்டியலையும் காட்டாது. என் சர்வீஸில் அப்படிப்பட்ட அதிகாரிகள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

“அந்தப் பக்கத்த யாரும் தொடறதில்லையே. எடுத்துட்டா டிஸ்க்ல இடமாவது மிஞ்சும்” என்றேன்.

“ரூல் எழுதுனது நீங்கதானே சார்” என்றார். பிறகு, தாழ்ந்த குரலில்: “அழிஞ்சிருச்சா? அத மட்டும் சொல்லுங்க.”

இதற்கு முறை உண்டு. முதல் படி, பதறிப்போய் எதையும் மறுபடி நிறுவாமல் இருப்பது. கணினியை அணைத்துப் போட்டு, திரை மலரும்போதே F12 விசையைத் தட்டினேன். லினக்ஸைக் கேட்காமல், இயந்திரம் தானே வைத்திருக்கும் பட்டியல் வந்தது. அதில் விண்டோஸ் இருந்தது.

“இருக்காங்க” என்றேன். ஒரு மென்பொருளுக்கு நான் மரியாதை கொடுத்துப் பேசியது அந்த ஒருமுறைதான்.

பிறகு லினக்ஸுக்குள் போய், மற்ற இயங்குதளங்களையும் தேடும்படி அமைப்பை மாற்றி, பட்டியலைப் புதிதாக உருவாக்கி, பெயரையும் பழைய இடத்தையும் திருப்பிக் கொடுத்தேன். கணினி மறுபடி தொடங்கியது. மேல்வரியில் சரோஜா. விநாடிகள் குறைந்துகொண்டே வந்தன. கீழ் அம்பை அழுத்துவார் என்று பார்த்தேன். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

சரோஜா முகப்பில் வைத்திருந்த தளி ரோஜாத் தோட்டத்தின் படம் திரை முழுக்க விரிந்தது. மூலையில் சீட்டாட்டம்.

ரிலீவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“வாங்க சார், டீ குடிக்கப் போலாம். அவ வந்துட்டா.”

போன மழைக்காலத்தில் அவரும் போய்விட்டார். நாங்கள் உட்கார்ந்த டீக்கடைப் பெஞ்சு அப்படியே இருக்கிறது. இப்போதெல்லாம் டம்ளர் காலியானதும் நான் எழுந்துவிடுவதில்லை. யாராவது வந்து உட்காரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.