படத்தை நிறுத்திப் படம் பிடிப்பவர்

கேமரா வாங்கியவர்களில் பல இனம் உண்டு. பூவை எடுப்பவர், நிலாவை எடுப்பவர், சாப்பாடு ஆறி அவலாகும் வரை தட்டைச் சுற்றிச் சுற்றி எடுப்பவர், எதிரில் எப்பேர்ப்பட்ட காட்சி இருந்தாலும் அதற்கு முதுகைக் காட்டித் தன்னையே எடுத்துக்கொள்பவர். இவர்களால் யாருக்கும் பெரிய கெடுதல் இல்லை. நான் இன்று உங்களுக்குக் காட்டப்போவது வேறு இனம். பார்த்தால் பரம சாது. டி.வி.யில் ஓடுகிற சினிமாவை நடுவில் நிறுத்தி, அந்தக் காட்சியைத் தன் வீட்டு ஹாலில், தன் வீட்டு ஆட்களை வைத்து, அச்சு அசலாகத் திரும்ப எடுத்து, அதன் மூலம் போட்டோ பிடிக்கக் கற்றுக்கொள்கிறவர்.

இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். தப்பே இல்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருகிறது, நிழல் மூக்கின் எந்தப் பக்கம் விழுகிறது, ஜன்னலுக்கும் முகத்துக்கும் எவ்வளவு தூரம் என்றெல்லாம் ஒரு காட்சியைத் திரும்பக் கட்டிப் பார்த்தால்தான் புரியும் என்று விவரம் தெரிந்தவர்களே சொல்கிறார்கள். நல்ல பாடம்தான். ஆனால் அந்தப் பாடத்தில் கரும்பலகையாக இருப்பது யார்? அவருடைய மனைவி. மனைவிக்கு வேலை இருந்தால் எதிர்வீட்டுக்காரன். அதாவது நான்.

இவரை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? சுலபம். அவர் வீட்டுக்குப் போனால் டி.வி.யில் யாராவது ஒருவர் பாதி கண்ணை மூடியபடி, வாயைக் கோணிக்கொண்டு, அப்படியே நின்றுகொண்டிருப்பார். அந்த வீட்டில் இதுவரை எவரும் ஒரு சினிமாவை முடிவுவரை பார்த்தது கிடையாது. கொலையைச் செய்தது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. செத்தவர் முகத்தில் விளக்கு வெளிச்சம் இடது பக்கமிருந்து விழுந்தது என்று தெரியும். காதலர்கள் சேர்ந்தார்களா என்று கேளுங்கள், விழிப்பார்கள். அவர்கள் பிரிந்த இடத்தில் பின்னால் ஒரு நீலச் சுவர் இருந்தது என்பார்கள்.

இன்னொரு அடையாளம், அவர் பேச்சு. "பாக்காத மாதிரி பாருங்க" என்பார். "சந்தோஷமா இருங்க, ஆனா சிரிச்சிடாதீங்க" என்பார். "கண்ணுல தண்ணி நிக்கணும், விழக்கூடாது" என்பார். இதையெல்லாம் சாதாரணமாக, உப்பை எடுத்துக் கொடு என்கிற தோரணையில் சொல்வார். நீங்கள் திருதிருவென்று விழித்தால், அதைப் பார்த்துவிட்டு, "இது வேற படத்துக்கு ஆகும், வச்சுக்கலாம்" என்று சமாதானம் சொல்வார்.

எங்கள் குடியிருப்பில் இவருக்கு ரீடேக் என்று பெயர். வைத்தது யார் என்று தெரியவில்லை. ஆனால் அவர் மனைவியே அப்படித்தான் கூப்பிடுகிறார். தொழில் ஃபிரிட்ஜ் ரிப்பேர். சொந்தப் பட்டறை. பட்டறைக்குப் புது உதிரிபாகங்களோடு வருகிற வெள்ளைத் தெர்மாகோல் அட்டைகளை முன்பெல்லாம் குப்பையில் போடுவார். கேமரா வாங்கிய பிறகு அவை எல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டன. வெளிச்சத்தை அதில் பட்டுத் திரும்பவிட்டால் முகம் பளிச்சென்று வருமாம். கட்டிலுக்கு அடியில் தெர்மாகோல், பீரோ மேல் தெர்மாகோல், கதவைத் திறந்தால் தலையில் விழுவது தெர்மாகோல்.

தொழில் என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஒரு நாள் ஒரு அம்மா ஐஸ் பிடிக்கவில்லை என்று கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். இவர் போய் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னப்பா, கேஸ் போயிடுச்சா?"

"கேஸ் கெடக்கட்டும்மா. உள்ள வெளிச்சம் எப்படி இருக்கு பாத்தீங்களா? கொஞ்சம் கீழ உக்காந்து, ஒரு கையால கதவப் புடிச்சுக்கங்க. வீட்ல எல்லாரும் தூங்கிட்டாங்க. உங்களுக்குப் பசி. ஆனா ஃபிரிட்ஜ்ல எதுவும் இல்ல."

"ஏன் இல்ல? நேத்துதானே காய் வாங்கி வச்சேன்?"

அந்த அம்மா இப்போது வேறு ஆளை வைத்து ரிப்பேர் பார்க்கிறார். ஆனால் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார் என்று கேள்வி. அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா? மனிதருக்கு வேலை சுத்தம். வெளிச்சம் அவர் சொன்னபடி கேட்கிறது. மனிதர்கள்தான் கேட்பதில்லை.

நான் அவர் கேமராவுக்கு முன்னால் கைதியாக இருந்திருக்கிறேன், தந்தி வாங்கியவனாக இருந்திருக்கிறேன், ரயிலைத் தவறவிட்டவனாக மொட்டைமாடியில் பெட்டியோடு ஓடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் பிணம். பிணமாக இருப்பதில் சௌகரியம் உண்டு, படுத்துக்கொள்ளலாம். ஒருமுறை நிஜமாகவே தூங்கிக் குறட்டை விட்டுவிட்டேன். போட்டோவில் குறட்டை விழாது என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

அவர் மனைவிக்கு அந்தச் சௌகரியமும் இல்லை. பாவம், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க ஊர்க்காரர்கள் கையில் ஊசி குத்திவிட்டு, "ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று நூறு பேரிடம் பொய் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவார். வந்ததும் ஜன்னலோரம் நிற்க வேண்டும். போருக்குப் போன கணவன் திரும்பி வரவில்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டும். "போனவன் போகட்டும், பால் பொங்குது" என்று அவர் அடுக்களைக்கு ஓடுவார். இவர் பின்னாலேயே போய், "அந்த ஓட்டம் நல்லா இருந்தது, இன்னொரு தடவை" என்பார்.

இத்தனையையும் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்ட அந்தப் பெண்ணுக்கு மனதில் ஒரே ஒரு பாரம் உண்டு. அவருடைய அக்கா. கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது தங்கை எல்லாருக்கும் அனுப்பியது போலவே அக்காவுக்கும் போனில் ஒரு செய்தி தட்டி அனுப்பினார், இத்தனாம் தேதி, வந்துவிடுங்கள் என்று. ஊருக்கெல்லாம் அனுப்பின மாதிரி எனக்குமா, ஒரு வார்த்தை கூப்பிட்டுச் சொல்லக்கூடாதா என்று அக்காவுக்குக் கோபம். வரவில்லை. வரவில்லையே, என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா என்று தங்கைக்குக் கோபம். அதோடு பேச்சு நின்றது. வருஷங்கள் ஓடிவிட்டன. இந்தக் கதைக்கு எல்லாக் குடும்பத்திலும் ஒரு பிரதி இருக்கும், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

போன மாதம் தங்கைக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. ஓய்வாகப் படுத்திருக்க வேண்டியவர் எங்கே இருந்தார் என்று நினைக்கிறீர்கள்? ஜன்னலோரம், பிரம்பு நாற்காலியில், தோளில் சால்வையோடு. டி.வி.யில் அதே மாதிரி நாற்காலியில் அதே மாதிரி சால்வையோடு ஒரு நோயாளிக் கதாநாயகி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான் தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சார், கவனிச்சீங்களா?" என்றார் ரீடேக், உற்சாகத்தில் குரல் நடுங்க. "இந்த வெளுப்பு மேக்கப்ல வராது."

"தையல் வேற இழுக்குது. அதையும் எடுத்துக்கங்க" என்றார் மனைவி.

அப்போது வாசல் மணி அடித்தது. கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது. திறந்துகொண்டு ஓர் அம்மாள் உள்ளே வந்தார். கையில் ஆரஞ்சுப் பழப் பை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அதே மூக்கு, அதே நெற்றி. தங்கை நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார்.

"அக்கா..."

"எந்திரிக்காதடி! எந்திரிக்காத!" என்று சொல்லிக்கொண்டே அக்கா ஓடிவந்து கட்டிக்கொண்டார். பை எங்கோ விழுந்தது. இரண்டு பேரும் ஓவென்று அழுதார்கள். அட்டையைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றேன்.

ரீடேக் எங்கே? டி.வி.க்கு முன்னால் குனிந்து, கதாநாயகியின் சால்வை முழங்கைக்கு மேலா கீழா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அழுகைச் சத்தம் கேட்டுத் திரும்பினார். பார்த்தார். கையைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"ஐயையோ! போச்சே! அண்ணி, ஒரே ஒரு தடவை. வெளியில போய் மறுபடி வாங்க."

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அக்கா போனார். வருஷக்கணக்காகப் பேசாத வீட்டுக்குள் அப்போதுதான் கால் வைத்தவர், மாப்பிள்ளை சொல்வதைத் தட்டினால் நன்றாகவா இருக்கும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையைப் பொறுக்கிக்கொண்டு வெளியே போய் மணி அடித்தார். வந்தார். கட்டிக்கொண்டார்கள்.

"பை இடது கையில இருக்கணும் அண்ணி. வலது கை வெளிச்சத்த மறைக்குது."

மறுபடி வெளியே. மறுபடி மணி.

"இப்ப சீக்கிரமே அழுதுட்டீங்க. வாசல்ல ஒரு நிமிஷம் நிக்கணும். நீயும் உடனே எந்திரிக்காத. அவங்க மேல உனக்குக் கோபம் இருக்கணும்."

"எனக்கு என்ன கோபம்?" என்றார் தங்கை.

இங்கேதான் இந்த இனத்துக்கே உரிய தப்பை அவர் செய்தார். நடிப்பவர்களுக்குப் பாத்திரத்தின் மனநிலையை விளக்கிச் சொன்னார்!

"என்ன கோபமா? வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டும் உன் சொந்த அக்கா எட்டிக்கூடப் பாக்கல. அத நெனச்சுக்க. அண்ணி, நீங்க என்ன நெனச்சுக்கணும்னா, பால்காரனுக்கு அனுப்புன அதே மெசேஜ உங்களுக்கும் அனுப்பியிருக்கா. எப்படி இருக்கும்? நல்லா உள்வாங்கிக்கிட்டு மணி அடிங்க."

"பால்காரனுக்கும் அதேதானா?" என்றார் அக்கா.

"அதே அதே. ஒரு எழுத்து மாறல."

அக்கா வெளியே போனார். கதவு சாத்தப்பட்டது. ரீடேக் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, "ம், வரலாம்!" என்றார்.

மணி அடிக்கவில்லை.

"உள்வாங்கறாங்க" என்றார் எங்களிடம் மெல்லிய குரலில்.

வராந்தாவில் லிஃப்ட் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. தங்கையின் முகம் மாறியதை நான் பார்த்தேன். சால்வையை உதறிவிட்டு, வயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கதவைத் திறந்து ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம். லிஃப்டுக்குள் அக்கா நின்றிருந்தார், இடது கையில் பை. கதவு மூடிக்கொண்டிருந்தது.

"அக்கா! தையல் வலிக்குதுக்கா!"

மூடுகிற கதவின் இடுக்கில் ஆரஞ்சுப் பை வந்து சிக்கியது. கதவு திறந்துகொண்டது. பழங்கள் வராந்தாவெல்லாம் உருண்டன. அக்கா வெளியே வந்து தங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "அறிவு இருக்காடி உனக்கு? இந்த வயித்த வச்சுக்கிட்டு ஓடியா வருவ? பால்காரனுக்கு அனுப்புனா என்ன, பேப்பர்காரனுக்கு அனுப்புனா என்ன, எனக்கு ஒரு போன் போட்டா உன் கை தேஞ்சா போயிருக்கும்?" என்று பொரிந்து தள்ளினார். "நீ போட்டிருக்கலாம்ல?" என்று தங்கை அழுதார். "போட்டிருக்கலாந்தான்" என்று அக்காவும் அழுதார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே திட்டிக்கொண்டு, திட்டிக்கொண்டே நடந்து வீட்டுக்குள் போனார்கள். கதவைச் சாத்தினார்கள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

வராந்தாவில் நானும் ரீடேக்கும் பழங்களும். என் கையில் இன்னும் அந்தத் தெர்மாகோல் அட்டை.

"எடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

கேமரா அவர் மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. "இல்ல சார்" என்றார்.

"ஏன்? கண்ணு முன்னாடிதானே நடந்தது?"

"இது நான் பாத்த எந்தப் படத்துலயும் இல்லையே சார். எங்க நின்னு எடுக்கறதுன்னு தெரியல."

எனக்கு அவர்மேல் வந்த கோபமெல்லாம் அந்த ஒரு பதிலில் இறங்கிவிட்டது. இரண்டு பேரும் குனிந்து பழம் பொறுக்கினோம். உள்ளே அழுகை நின்று சிரிப்புச் சத்தம் வந்தது. அவரைப் பற்றித்தான் சிரித்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. அவர் இரண்டு தடவை கதவைத் தட்டினார். "இப்ப ஷாட் இல்ல, போங்க" என்று உள்ளிருந்து பதில் வந்தது. மத்தியானச் சாப்பாடு அவருக்கு எங்கள் வீட்டில்தான்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். நம்மிடம் கேமராவே கிடையாது, நமக்கென்ன என்றும் நினைத்துக்கொள்கிறீர்கள். இருக்கட்டும். ஆனால் உங்களுக்கும் எங்கோ ஓர் அக்காவோ, தம்பியோ, பழைய சிநேகிதரோ பேசாமல் இருப்பார் அல்லவா? அவர் ஒரு நாள் வருவார், தலையைக் குனிந்து வாசலில் நிற்பார், முதலில் அவர்தான் வாயைத் திறப்பார், இன்ன வார்த்தைதான் சொல்வார், அதைக் கேட்டு நீங்கள் சற்று நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகுதான் மன்னிப்பீர்கள். இப்படி எல்லாம் கட்டி முடித்து, வெளிச்சம்கூடப் போட்டு, எத்தனை வருஷமாக ஒரு காட்சியைத் தயாராக வைத்திருக்கிறீர்கள்? போன வாரம் அவர் கடைத்தெருவில் எதிரே வந்து, என்ன சொல்வது என்று தெரியாமல் அசடு வழிய, "வெயில் அதிகமா இருக்குல்ல?" என்றாரே. இது அந்தக் காட்சியில் இல்லை என்றுதானே பேசாமல் வந்துவிட்டீர்கள்?