ஒட்டிய பக்கத்தில் கொலைகாரன்

புத்தக விமர்சனம் எழுதுபவர்களில் இரண்டு வகை உண்டு என்பார்கள். படித்துவிட்டு எழுதுபவர்கள், படிக்காமல் எழுதுபவர்கள். நான் மூன்றாவது வகை. உள்ளே முத்தம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு எழுதியவள். இந்த வகையில் இந்தியாவிலேயே நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். (இன்னொருத்தி எங்காவது இருந்தால் அப்படியே இருந்துகொள்ளுங்கள். எனக்குத் துணை வேண்டாம்.)

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை. புனேயில், கட்கி பக்கம் இருக்கும் எங்கள் தமிழ்ச் சபைக்கு அமெரிக்காவிலிருந்து சில அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. இங்கிருந்து மகன் வீட்டுக்குப் போன ஓர் அம்மா, அந்த ஊர்ச் சபையார் படித்து முடித்த புத்தகங்களையெல்லாம் சேர்த்து அனுப்பியிருந்தார். பிரசங்கப் புத்தகங்கள்தான் என்ற நம்பிக்கையில் போதகர் ஐயா ஆராதனை முடிந்த கையோடு எல்லோர் முன்னிலையிலும் பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்தவை கிறிஸ்தவக் காதல் நாவல்களும் கிறிஸ்தவ மர்ம நாவல்களும். அப்படி ஒன்று உலகத்தில் இருப்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அட்டையைப் பார்த்தே வகை பிரித்துவிடலாம். கோதுமை வயலில் நிற்கும் பெண் வானத்தைப் பார்த்தால் காதல். திரும்பிப் பின்னால் பார்த்தால் கொலை.

ஐயா பெட்டியை மூடப் பார்த்தார். பெண்கள் ஐக்கியம் விடவில்லை. எங்கள் சபையில் பாடுவது தமிழில், சண்டை போடுவது இந்தியில், படிப்பது என்றால் இங்கிலீஷில்தான். இலவசமாக வந்த இங்கிலீஷ் கதைப் புத்தகத்தை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனசில்லை. கடைசியில் ஐயா ஒரு வழி சொன்னார்: முதலில் யாராவது படித்துப் பார்த்து, நாலு வரி விமர்சனம் எழுதி, அட்டைக்கு உள்பக்கம் ஒட்டட்டும். அதன்பிறகு அலமாரியில் வைக்கலாம். சரி, படிப்பது யார்?

பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு விஷ்ராந்த்வாடி வீட்டில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவள் சபையில் ஒருத்திதான். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பியூலா, தகாத பக்கம் ஏதாவது வந்தா கிழிச்சிராதம்மா. காணிக்கையா வந்த பொருள். ஒட்டிரு" என்றார் ஐயா.

ஒட்டினேன். என்ன வேகத்தில் ஒட்டினேன் என்கிறீர்கள்! ஐயா நினைத்தது ஏதாவது ஒரு பத்தியின்மேல் ஒரு துண்டுக் காகிதம். நான் மைதா பசை காய்ச்சி, எதிரெதிர்ப் பக்கங்களை முகத்தோடு முகம் சேர்த்து ஒட்டிவிடுவேன். வேலை சுத்தம். ஒரே சங்கடம், இந்த நாவல்களில் ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லை. கதாநாயகன் முந்நூறு பக்கம் நடையாய் நடந்து, அவளுடைய அப்பாவிடம் அனுமதி கேட்டு, அதற்குப் பிறகுதான் அவள் தொப்பி பறக்காமல் பிடித்துக் கொடுப்பான். சும்மா இருக்க முடியுமா? நியமிக்கப்பட்டவள் ஆயிற்றே. தொப்பியை ஒட்டினேன். கையைப் பிடித்து வண்டியிலிருந்து இறக்கிவிட்டதை ஒட்டினேன். ஒரு புத்தகத்தில் அவன் நெற்றியில் முத்தமிட்ட இடத்தைக் கண்டதும் மேலே படிக்காமலே ஒட்டிவிட்டேன். அந்த நெற்றி ஒரு குதிரையுடையது என்று பிறகு தெரிந்தது.

கொலைகளை ஒட்டவில்லை. தகாதது என்றால் என்ன என்பதில் நான் தெளிவாக இருந்தேன். 'மூன்று கொலை, ஒரு கடத்தல். குடும்பத்தோடு படிக்கலாம்' என்று எழுதியிருக்கிறேன். நல்ல பிள்ளையாக, எந்தப் பக்கங்களை ஒட்டியிருக்கிறேன் என்பதையும் விமர்சனத்தின் கீழே எழுதி வைத்தேன்.

அலமாரி காலியாயிற்று. வேதபாடத்துக்குக்கூட வராதவர்கள் புத்தகத்துக்கு வந்தார்கள். வாங்கியவுடன் அட்டையைத் திறந்து என் விமர்சனத்தைப் படித்துவிட்டு, நேராக அந்தப் பக்கத்துக்குப் போய் விரலால் தடவிப் பார்ப்பார்கள். திரும்பி வரும்போது பக்கங்கள் அப்பளம் மாதிரி நெளிந்திருக்கும். புனே மழையின் ஈரம் என்று நான் நம்பினேன். கட்கி முதல் விஷ்ராந்த்வாடி வரை அத்தனை வீட்டு இட்லிப் பானையிலும் என் புத்தகங்கள் வெந்துகொண்டிருந்தது சபையில் எனக்கு மட்டும்தான் தெரியாது.

இந்தச் சமயத்தில்தான் எனக்கு வரன் பேசினார்கள். மாப்பிள்ளை ஐசக், ஆகுர்டியில் பைக் செய்யும் கம்பெனியில் வேலை. பாடகர் குழுவில் என்னவோ ஒரு குரலில் பாடுவார், அது எந்தக் குரல் என்று குழுத் தலைவருக்கே சந்தேகம். ஆனால் வாராவாரம் ஒரு காதல் நாவலை எடுத்துக்கொண்டு, "அம்மாவுக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவார். அவர் அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்கு அந்த வரன் வேண்டும். வேறு எந்த வரனும் வேண்டாம். வெளியில் 'உங்க இஷ்டம்ப்பா' என்று சொல்லிவிட்டு, உள்ளே ராப்பகலாக ஜெபம் செய்துகொண்டிருந்தேன்.

அவருடைய அப்பா செல்லத்துரை மாமா சபையின் மூப்பர். வெடிமருந்துத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பொருள் தேறினால் 'பரோபர்' என்பார். சரியாக இருக்கிறது என்பதற்கு மராத்தியில் அப்படிச் சொல்வது. தேறாவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார், திருப்பி அனுப்பிவிடுவார். அவர் வாயிலிருந்து 'பரோபர்' வாங்கியவர்கள் சபையில் குறைவு. போதகர் ஐயாவின் பிரசங்கமே இன்னும் வாங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து பெண் பார்க்க வந்தார்கள். மாமா, அத்தை, ஐசக். அம்மா கேசரி செய்து, சிவ்டா என்கிற அவல் மிக்சர் வாங்கி வைத்திருந்தாள். நான் டீ கொண்டு வந்தேன். மாமா டீயை எடுக்கவில்லை. பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். அட்டையில் ஒரு பெண் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இத ஒட்டுனது நீதான?"

"ஆமா மாமா."

"மலையடிவாரத்துல ஒரு லாட்ஜ். அதோட முதலாளிக்கு எவனோ வெஷம் வச்சிட்டான். ரெண்டு வாரமா படிக்கேன். கடைசில அந்தப் பொண்ணு எல்லாரையும் ஹால்ல உக்கார வச்சு, கொன்னது யாருன்னு சொல்லப் போறா. அங்க ஒட்டிருக்கு. அடுத்த பக்கத்துல போலீஸ் ஜீப் போயிருச்சு. கொன்னவன் யாரு?"

வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு எப்படித் தெரியும்? மர்ம நாவல்களில் நான் கை, உதடு, கன்னம் ஆகிய சொற்கள் வரும் இடங்களை மட்டும் மேய்ந்துவிட்டுப் போவேன். கடைசி அத்தியாயத்தில் 'அவள் கையைப் பற்றினான்' என்று கண்ணில் பட்டது. ஒட்டினேன். அவ்வளவுதான் எனக்கும் அந்தப் புத்தகத்துக்கும் உள்ள சம்பந்தம்.

மாமா அட்டையைத் திறந்து என் விமர்சனத்தை வாய்விட்டு வாசித்தார். "'விறுவிறுப்பான நாவல். முடிவு எதிர்பாராதது.' சரி. என்ன முடிவு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இருபத்து மூன்று வயதில் யாருக்கு அந்த புத்தி இருக்கிறது?

"சமையல்காரன், மாமா."

"சமையல்காரன் நாலாவது அதிகாரத்துலயே செத்துட்டாம்மா."

ஐசக் சிவ்டா தட்டைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன்.

"தண்ணி கொதிக்க வைங்க" என்றார் மாமா.

அம்மா இன்னொரு டீக்கு என்று நினைத்தாள். அத்தை அதற்குள் அடுக்களைக்குப் போய் இட்லிப் பானையைத் தேடிக்கொண்டிருந்தார். (அந்தக் கைப்பழக்கத்தைப் பார்த்துத்தான் எனக்கு மற்ற புத்தகங்களின் கதியும் விளங்கியது.) பெண் பார்க்க வந்த கூட்டம் மொத்தமும் எங்கள் வீட்டு அடுப்பைச் சுற்றி நின்றது. ஆவி வந்தது. பக்கம் பிரியவில்லை.

பிரியாது. அந்த வாரம் வீட்டில் மைதா தீர்ந்துபோயிருந்ததால் அப்பா கதவு ஒட்ட வைத்திருந்த தச்சுப் பசையைப் பயன்படுத்தியிருந்தேன். இதை நான் சொல்லும்போது அப்பா கண்களை மூடிக்கொண்டார்.

மாமா விடுகிற ஆள் இல்லை. கத்தியை நுழைத்து மெதுவாக நெம்பினார். காகிதம் உரிந்து வந்தது. நடுவில் கொலைகாரன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஓர் ஓட்டை. அதிலிருந்த காகிதம் எதிர்ப்பக்கத்தோடு பிய்ந்து, கூழாகி, கத்திமுனையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு பத்தி மட்டும் தப்பித்திருந்தது. மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதை வாசித்துத் தமிழில் சொன்னார்.

"'அவன் அவள் கையைப் பற்றினான். நாம் ஜெபிக்கலாமா என்று கேட்டான்.'"

அத்தை அடுப்பை அணைத்தார்.

"ஏட்டி, இதுக்கா ஒட்டுன?" என்றாள் அம்மா.

மாமா புத்தகத்தைப் பைக்குள் வைத்தார். டீ ஆறிக் கிடந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிளம்பிவிட்டார்கள். தேறாத பெட்டி திருப்பி அனுப்பப்பட்டது என்று எனக்குப் புரிந்தது. அறைக்குள் போய் அழுதேன். எனக்குப் பிடித்த ஒரே மனிதனை ஒரு பசை டப்பாவால் இழந்துவிட்டேன் என்று அழுதேன். அம்மா கதவுக்கு வெளியே நின்று, "கேசரியாவது தின்னுட்டு அழு" என்றாள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மாமா என்னிடம் வந்தார். அதே புத்தகத்தை நீட்டினார். "முதல்லருந்து படி. படிச்சிட்டு வந்து சொல்லு. எனக்கு அந்த வக்கீல் மேலதான் டவுட்."

படித்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விமர்சகி புத்தகத்தை முழுசாகப் படித்தாள். நன்றாகவே இருந்தது, அதுதான் கொடுமை. இத்தனை நாள் எதையெல்லாம் தாண்டிப் போயிருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது. அடுத்த வாரம் சபை வாசல் வேப்பமரத்தடியில் நின்று, வக்கீல் இல்லை, கதையில் வரும் அந்த விதவைதான் என்று ஆதாரத்தோடு வாதாடினேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. நானும் விடவில்லை. சபையார் பாதிப் பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"கெட்டிக்காரிதான். ஆனா தப்பு. வக்கீல்தான்" என்றார் மாமா. பிறகு என் அப்பாவைப் பார்த்து, "எப்ப நிச்சயம் வச்சிக்கலாம்?" என்றார்.

ஒட்டும் வேலையை ஐயா அந்த வாரமே நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு அலமாரிப் பக்கம் ஆள் வரத்தும் பாதியாகிவிட்டது.

கல்யாணமாகிப் போன வீட்டில் ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டோடு இந்த வழக்கு நடக்கும். மாமா வக்கீல் கட்சி. நான் விதவை. ஐசக்குக்குக் கொலையே நடக்கவில்லை, அந்த முதலாளிக்கு ஏற்கெனவே நெஞ்சுவலி. புத்தகத்தைப் படித்தே பார்க்காத அத்தை மட்டும், "பியூலா சொன்னதுதான் சரி. அந்தச் சமையக்காரன் செத்த மாதிரி நடிச்சிருப்பான்" என்பார். அந்தப் பெண் பார்க்கும் நாளில் நான் சொன்ன பொய்யை இத்தனை வருஷம் காப்பாற்றியவர் அவர் ஒருவர்தான். அதற்காகவே எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். வீட்டில் ஒரு சாமான் காணாமல் போனால், சாவியோ சீப்போ, "பியூலா ஒட்டிட்டாளான்னு பாரு" என்பார்கள். இப்போது என் பிள்ளைகளும் சொல்கிறார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு என் கொழுந்தன் ஐ.டி. வேலை கிடைத்து வாகட்டில் ஃபிளாட் வாங்கினான். கம்பெனி அமெரிக்காவுக்கு அனுப்பியது. அங்கே ஒரு பழைய புத்தகக் கடையில் தேடிப்பிடித்து, அதே நாவலின் இன்னொரு பிரதியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தான். ஒட்டாத பிரதி. யாரும் சோற்றில் கை வைக்கவில்லை.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் தள்ளி, அந்த இடத்துக்கு வந்தார். அந்தப் பெண் எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்துவிட்டாள். அடுத்த பக்கத்தைத் திருப்ப வேண்டியதுதான் பாக்கி. மாமா திருப்பவில்லை. விரலை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பியூலா, அந்தப் பச இருக்கா?"

"எதுக்கு மாமா?"

"வக்கீல் இல்லன்னு தெரிஞ்சிட்டா ஞாயித்துக்கெழம மத்தியானம் நான் யார்ட்ட போய்ச் சண்ட போட? எடுத்துட்டு வா. மைதா வேண்டாம், தச்சுப் பசையே எடு."

எடுத்து வந்தேன். எனக்குத் தெரிந்துகொள்ள அவ்வளவு ஆசை. ஆனாலும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒட்டினேன். மாமா பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்தார்.

"ஓரத்தையும் அழுத்தும்மா. போன தடவ கத்தி உள்ள போயிருச்சு. ம். இப்ப சீட்டும் எழுது."

ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து, 'விறுவிறுப்பான நாவல். முடிவு எதிர்பாராதது' என்று எழுதி அட்டைக்குள் ஒட்டினேன். மாமா அதை வாங்கி, இரண்டு தடவை வாசித்து, ஒட்டிய பக்கத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தார். அசையவில்லை.

"பரோபர்" என்றார்.